செல் விட்டுச் செல் பாயும் டேட்டா

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டே போகிறீர்கள். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் உங்கள் போன் பத்து இருபது தடவையாவது ஒரு செல்லை விட்டு இன்னொரு செல்லுக்குத் தாவியிருக்கும். வீடியோ எங்காவது நின்று சுற்றினால் திட்டுகிறோம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால், எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கும் வழக்கமான பதில்: "ஒரு டவர் விட்டதும் அடுத்த டவர் பிடித்துக்கொள்ளும்." தப்பில்லை. ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது. போன் இடம் மாறும் அந்தக் கணத்தில், பழைய டவரை நோக்கி ஏற்கெனவே கிளம்பிவிட்ட டேட்டா என்ன ஆகும்? வீடு காலி செய்த பிறகு பழைய முகவரிக்கு வந்து சேரும் கடிதங்களைப் போல அங்கேயே கிடக்குமா? இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான். அங்கே போவதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

செல் என்பது போன் இல்லை

செல்போன், செல்போன் என்று சொல்லிச் சொல்லி, செல் என்றாலே கையில் இருக்கும் கருவி என்று ஆகிவிட்டது. உண்மையில் செல் என்பது ஒரு பரப்பு. ஓர் ஆன்டெனாவின் அலை எட்டுகிற நிலப்பகுதி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947-இல் எழுதப்பட்ட ஓர் உள்சுற்றுக் குறிப்பில் இந்த யோசனை வருகிறது. நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய டிரான்ஸ்மிட்டர் வைத்தால், ஓர் அலைவரிசையை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும். நகரத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்தால், கொஞ்சம் தள்ளியிருக்கும் வேறொரு கட்டத்தில் அதே அலைவரிசையை மறுபடியும் பயன்படுத்தலாம். தேன்கூடு மாதிரி.

இதனால் ஏராளமான பேர் ஒரே நேரத்தில் பேச வழி பிறந்தது. கூடவே ஒரு தலைவலியும் பிறந்தது. கட்டம் சின்னதாக ஆக ஆக, நடந்து போகிறவர்கூடச் சீக்கிரம் எல்லையைத் தாண்டிவிடுவார். தாண்டும்போது இணைப்பை அடுத்த கட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குத் துறையில் ஹேண்டோவர் என்று பெயர். கைமாற்று என்று தமிழாக்கலாம்தான்; ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் யாரோ கடன் கேட்கிறார்கள் என்று தோன்றும். ஹேண்டோவர் என்றே வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. செல் வேறு, டவர் வேறு. ஒரு டவரின் உச்சியைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று திசைகளில் ஆன்டெனாக்கள் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரி அகலமுள்ள ஒரு துண்டைப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் ஒரு தனி செல். அதே துண்டில் இரண்டு மூன்று அலைவரிசைகள் ஓடினால் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு செல். ஆகவே டவரைச் சுற்றி ஒரு நடை போனாலே இரண்டு மூன்று ஹேண்டோவர் நடந்துவிடலாம். "டவர் மாறுது" என்று நாம் சொல்வதில் பல நேரம் டவர் அப்படியேதான் இருக்கும்.

போன் ஒற்றன், நெட்வொர்க் ராஜா

எந்தச் செல்லில் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? போன் சட்டைப் பையில் சும்மா கிடக்கும்போது ஒரு பதில், டேட்டா ஓடும்போது வேறு பதில்.

சும்மா கிடக்கும் போன் தன் இஷ்டத்துக்குச் செல் மாறிக்கொள்ளும். நெட்வொர்க் ஒளிபரப்பும் சில விதிகளை மட்டும் பின்பற்றும், அவ்வளவுதான். அப்போது அது எந்தச் செல்லில் இருக்கிறது என்றுகூட நெட்வொர்க்குக்குத் தெரியாது. பல செல்கள் சேர்ந்த ஒரு பெரிய வட்டாரம் மட்டும் தெரியும். அழைப்போ செய்தியோ வந்தால் அந்த வட்டாரம் முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடும்.

டேட்டா ஓட ஆரம்பித்ததும் நிலைமை மாறிவிடும். இப்போது முடிவெடுப்பது நெட்வொர்க். போனின் வேலை உளவு பார்த்துச் சொல்வது மட்டும். தற்போதைய செல்லின் அலை எவ்வளவு வலுவாக வருகிறது, பக்கத்துச் செல்களின் அலை எவ்வளவு என்று அது ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். பக்கத்துச் செல் வேறு அலைவரிசையில் இருந்தால் கொஞ்சம் சிக்கல். ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு இரண்டையும் கேட்க முடியாது. அதனால் 4ஜியில் 40 அல்லது 80 மில்லி விநாடிக்கு ஒரு முறை, 6 மில்லி விநாடி அளவுக்குப் போனுக்கு இடைவேளை விடுவார்கள். அந்த நேரத்தில் டேட்டா வராது. போன் ஓடிப்போய் அடுத்த அலைவரிசையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

அலையின் வலுவை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். எண்கள் மைனஸில் இருக்கும். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். −80 என்றால் அருமை, −110 என்றால் திண்டாட்டம். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் சிம் நிலை என்ற இடத்தில் இந்த எண்ணைப் பார்க்கலாம். கையில் வைத்துக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்து பாருங்கள். எண் ஒரு நிலையில் நிற்காமல் ஐந்து, பத்து என்று எகிறிக் குதிக்கும்.

இந்தக் குதிப்புதான் முடிவெடுப்பதைக் கடினமாக்குகிறது. இரண்டு செல்களின் எல்லையில் நிற்கிறீர்கள். இது −98, அது −97. உடனே தாவிவிடலாமா? அடுத்த விநாடி ஒரு பேருந்து குறுக்கே போனால் இது −96, அது −99. திரும்பத் தாவுவதா? இக்கரைக்கு அக்கரை பச்சை என்று போன் இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருந்தால், இருக்கிற நேரமெல்லாம் தாவுவதிலேயே போய்விடும். துறையில் இதைப் பிங் பாங் என்கிறார்கள்.

இதைத் தடுக்க இரண்டு கடிவாளங்கள். முதலாவது, பக்கத்துச் செல் வெறுமனே நன்றாக இருந்தால் போதாது, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் நன்றாக இருக்க வேண்டும். அந்த அளவு 3 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி. இரண்டாவது, அந்த நிலை ஒரு குறிப்பிட்ட நேரம் விடாமல் நீடிக்க வேண்டும். 4ஜி விதிகளில் இந்தக் காத்திருப்பு நேரத்துக்கு 0 முதல் 5120 மில்லி விநாடி வரை 16 மதிப்புகள் பட்டியலிடப்பட்டுள்ளன. நெட்வொர்க் நடத்துபவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டும் நிறைவேறினால், "பக்கத்து வீடு தேவலை" என்று போன் அறிக்கை அனுப்பும். 4ஜி, 5ஜி இரண்டிலும் இதற்கு ஏ3 நிகழ்வு என்று பெயர்.

காத்திருப்பு நேரத்தை எவ்வளவு வைப்பது என்பதில்தான் பொறியாளர்களின் கைப்பக்குவம் இருக்கிறது. 320 மில்லி விநாடி என்று வைத்தால், நடந்து போகிறவருக்கு அது அரை மீட்டர் தூரம்கூட இல்லை. 100 கிலோமீட்டர் வேக ரயிலுக்கு 9 மீட்டர். 300 கிலோமீட்டர் வேக ரயிலுக்கு 27 மீட்டர். அதே 5120 என்று வைத்துவிட்டால் அந்த அதிவேக ரயில் 400 மீட்டருக்கு மேல் போயிருக்கும். பழைய செல் எங்கேயோ பின்னால் கிடக்கும். நெடுஞ்சாலை ஓரச் செல்லுக்கும் சந்தைத் தெருச் செல்லுக்கும் ஒரே எண்ணை வைக்க முடியாது.

சரி, அறிக்கை போய்விட்டது. நெட்வொர்க் அதை ஏற்றே தீர வேண்டும் என்று இல்லை. பக்கத்துச் செல் நிரம்பி வழிந்தால் மறுத்துவிடலாம். அல்லது இங்கே அலை நன்றாகவே இருந்தும், கூட்டம் அதிகம் என்று உங்களைக் காலியாக இருக்கும் வேறு செல்லுக்கு அனுப்பிவிடலாம். போனில் கம்பி குறைந்த பிறகு நெட் வேகமாக வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பிகள் அலையின் வலுவை மட்டும் சொல்கின்றன. அந்தச் செல்லைப் பங்குபோட்டுக்கொள்ள எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

முன்னேற்பாடு

4ஜியை வைத்தே மீதியைச் சொல்கிறேன். 5ஜியிலும் எலும்புக்கூடு கிட்டத்தட்ட இதுதான், பெயர்கள்தான் வேறு.

டவரின் அடியில் இருக்கும் மூளைக்குப் பேஸ் ஸ்டேஷன் என்று பெயர். பழைய பேஸ் ஸ்டேஷன் உங்களை அனுப்ப முடிவு செய்ததும், முதலில் உங்களிடம் எதுவும் சொல்லாது. புதியதிடம்தான் பேசும். இரண்டுக்கும் நடுவே எக்ஸ்2 என்ற நேரடித் தொடர்பு இருக்கிறது. "ஒரு போனை அனுப்பப் போகிறேன். அதற்கு இன்னின்ன இணைப்புகள் ஓடுகின்றன. ஒன்று வீடியோ, ஒன்று குரல் அழைப்பு. இடம் இருக்கிறதா?" புதியது தன் கணக்கைப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றால் இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பதில் அனுப்பும். அந்தப் பதிலுக்குள்ளேயே போனுக்கான ஒரு சீட்டும் இருக்கும். வந்ததும் எந்த அலைவரிசையில் தேட வேண்டும், இனி உன் தற்காலிக அடையாள எண் என்ன, குறியாக்கத்துக்கு என்ன விவரம், வந்ததும் கதவைத் தட்ட எந்தத் தட்டலைப் பயன்படுத்த வேண்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

கதவைத் தட்டுவது என்று சும்மா சொல்லவில்லை. ஒரு செல்லுக்குள் புதிதாக நுழையும் போன், ஒதுக்கப்பட்ட 64 வகைச் சமிக்ஞைகளில் ஒன்றை அனுப்பித்தான் கவனத்தை ஈர்க்க வேண்டும். சாதாரணமாக வருகிற போன் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து அனுப்பும். அதே நேரத்தில் இன்னொரு போனும் அதையே எடுத்துவிட்டால் இரண்டும் மோதும், திரும்ப முயல வேண்டும். ஹேண்டோவரில் வருகிற போனுக்கு அந்தத் தொல்லை இல்லாமல், தனக்கென்று ஒரு தட்டல் முன்பதிவு செய்யப்பட்டிருக்கும்.

பழைய பேஸ் ஸ்டேஷன் அந்தச் சீட்டை அப்படியே போனிடம் தள்ளிவிடும். அதுதான் கட்டளை: கிளம்பு. போன் உடனே பழைய செல்லுடன் பேச்சை நிறுத்தும். புதிய செல்லின் நேரத்தோடு தன் கடிகாரத்தைச் சரிசெய்யும். கதவைத் தட்டும். "வந்துவிட்டேன்" என்று சொல்லும். முடிந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தால், டேட்டா வராமல் போகும் நேரம் 50 மில்லி விநாடியை ஒட்டித்தான் இருக்கும். கண் சிமிட்ட இதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

எந்தச் செல்லிலும் இல்லாத அந்த நேரம்

இப்போதுதான் கதை சுவாரசியமாகிறது. அந்த 50 மில்லி விநாடி, போன் யாரிடமும் இல்லை. ஆனால் வீடியோ அனுப்பும் சர்வருக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் பழைய பேஸ் ஸ்டேஷனில் வந்து குவிகிறது.

ஒரு குறிப்பிட்ட தருணத்தை நிறுத்திப் பார்ப்போம். டேட்டா சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. பேஸ் ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போடுகிறது. 101 முதல் 130 வரை எண் போட்டாயிற்று. 118 வரை கிடைத்துவிட்டதாகப் போன் ஒப்புதல் சொல்லிவிட்டது. 119 காற்றில் எங்கோ கெட்டுப்போனது. 120-உம் 121-உம் போனுக்கு வந்துவிட்டன, ஆனால் வந்ததாகச் சொல்வதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். 122 முதல் 130 வரை இன்னும் அனுப்பவே இல்லை.

பழைய பேஸ் ஸ்டேஷன் என்ன செய்யும்? தனக்குத் தெரிந்தவரை 118 வரைதான் பத்திரமாகப் போயிருக்கிறது. ஆகவே 119 முதல் 130 வரை அத்தனையையும், எண்களோடு சேர்த்து, எக்ஸ்2 வழியாகப் புதியதற்கு அனுப்பும். கூடவே ஒரு குறிப்பு: "நான் 130 வரை எண் போட்டுவிட்டேன். அடுத்தது வந்தால் 131 என்று ஆரம்பி." அதற்குப் பிறகு சர்வரிலிருந்து வந்து சேரும் புதுப் பொட்டலங்களை எண் போடாமலே தள்ளிவிடும். எண் போடும் வேலை இனி புதியதுடையது.

போன் புதிய செல்லுக்கு வந்ததும், தன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லும்: 119 இல்லை, 120-உம் 121-உம் இருக்கின்றன. புதிய பேஸ் ஸ்டேஷன் 119-ஐ அனுப்பிவிட்டு நேராக 122-க்குப் போய்விடும். எதுவும் தொலையவில்லை; எதுவும் இரண்டு தடவை வரவில்லை. போனிலிருந்து மேலே போகும் டேட்டாவுக்கும் இதே ஏற்பாடு எதிர்த்திசையில் நடக்கிறது. நீங்கள் அனுப்பிக்கொண்டிருந்த புகைப்படத்தின் எந்தத் துண்டு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற பட்டியலும் பழையதிடமிருந்து புதியதுக்குப் போய்விடும்.

எல்லா டேட்டாவுக்கும் இந்த ராஜ மரியாதை கிடையாது. குரல் அழைப்பில் 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில் பேச்சு போகிறது. 50 மில்லி விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று பொட்டலங்கள் போய்விடலாம். அவற்றைத் தேடிப் பிடித்துத் திரும்ப அனுப்பி என்ன பயன்? பேச்சில் தாமதமாக வந்த துண்டை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? அதனால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஓர் எழுத்து லேசாகக் கடிபட்ட மாதிரி கேட்கும். வீடியோவோ பல விநாடிகளுக்கான சரக்கை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. ஒரு விநாடி முழுதும் டேட்டா வராவிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. ஹேண்டோவர் எப்படி நடக்கிறது என்று நேர்மையாகச் சோதிக்க வேண்டுமானால் ஆன்லைன் விளையாட்டு ஆடுகிறவரைக் கேட்க வேண்டும்.

வழியைத் திருப்புதல்

பழைய பேஸ் ஸ்டேஷன் எத்தனை நேரம்தான் வரும் பொட்டலங்களை வாங்கி அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்? மேலே இருப்பவர்களிடம் விலாசம் மாறியதைச் சொல்லியாக வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள, உங்கள் போனின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது டவரில் இல்லை. நெட்வொர்க்கின் நடுவில், இணையத்தைப் பார்த்த வாசலில் இருக்கும் ஒரு கேட்வேயில் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. உலகத்திலுள்ள எந்தச் சர்வரும் உங்களுக்கு அனுப்புவதை அந்த வாசலுக்குத்தான் அனுப்புகிறது. அங்கிருந்து உங்கள் பேஸ் ஸ்டேஷன் வரை ஒரு சுரங்கப்பாதை. பொட்டலத்தை இன்னொரு உறைக்குள் போட்டு, பேஸ் ஸ்டேஷனின் விலாசத்தை எழுதி அனுப்புகிறார்கள். உறைபோடும் இந்த முறைக்குப் பெயர் ஜிடிபி. பட்ஜெட் செய்திகளில் வரும் ஜிடிபிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் தலைவிதி.

போன் நகரும்போது மாறுவது இந்தச் சுரங்கத்தின் கீழ்முனை மட்டும்தான். புதிய பேஸ் ஸ்டேஷன், போன்களின் நடமாட்டத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஒரு சேதி அனுப்பும்: "இந்தப் போன் இப்போது என்னிடம். இனி இந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்." நடுவில் இருக்கும் இன்னொரு கேட்வே, உறையில் எழுதும் விலாசத்தை மாற்றிக்கொள்ளும். வாசலில் ஐபி முகவரி அப்படியே இருக்கும். சர்வருக்கு நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிற மாதிரித்தான் தெரியும். உயிர் கூடு விட்டுக் கூடு பாய்ந்தாலும் ஆள் அதே ஆள் என்பது போல, நூறு செல் மாறினாலும் முகவரி ஒன்றே.

ஒரு சின்னச் சிக்கல் பாக்கி. வழியைத் திருப்பிய பிறகு புதுப் பொட்டலங்கள் நேர்வழியில் சீக்கிரம் வந்துவிடும். பழையவை இன்னும் சுற்றுவழியில், பழைய பேஸ் ஸ்டேஷன் வழியாக வந்துகொண்டிருக்கும். பின்னால் கிளம்பியது முன்னால் வந்துவிட்டால் வரிசை குலையும். எது கடைசிப் பழைய பொட்டலம் என்று புதியதற்கு எப்படித் தெரியும்?

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் தீர்வு அவ்வளவு எளிமையானது. வழியைத் திருப்பியதும், கேட்வே பழைய வழியில் ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்பும். உள்ளே டேட்டா எதுவும் கிடையாது. "இந்த வழியில் இதுதான் கடைசி" என்பது மட்டும்தான் அதன் பொருள். கல்யாண ஊர்வலத்தின் கடைசி ஆள் கையில் கொடி கொடுத்து அனுப்புவது மாதிரி. பழைய பேஸ் ஸ்டேஷன் அதையும் அப்படியே புதியதற்குத் தள்ளும். அந்தக் கொடி வரும் வரை, நேர்வழியில் வந்த பொட்டலங்களைப் புதியது ஓரமாக நிறுத்திவைக்கும். கொடி வந்ததும் அவற்றை விடும். பிறகு பழையதிடம், "இந்தப் போனைப் பற்றி நீ வைத்திருக்கும் குறிப்புகளை அழித்துவிடலாம்" என்று சொல்லிவிடும்.

சொதப்பும்போது

ஒரு தடவை முக்கியமான அழைப்பில் பேசிக்கொண்டே லிஃப்டுக்குள் நுழைந்தேன். கதவு மூடியதும் எதிர்முனையில் இருந்தவர் பாதி வாக்கியத்தில் காணாமல் போனார். அப்போது நெட்வொர்க்கைத் திட்டினேன். இப்போது யோசித்தால், அது பாவம் என்ன செய்யும்?

மேலே சொன்ன ஏற்பாட்டில் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கிறது. "கிளம்பு" என்ற கட்டளை பழைய செல் வழியாகத்தான் வர வேண்டும். அதாவது, எந்த இணைப்பு மோசமாகிக்கொண்டிருக்கிறதோ அதை நம்பித்தான் தப்பிக்கும் சீட்டே வர வேண்டும். அலை மெதுவாகக் குறைந்தால் பிரச்சினை இல்லை. லிஃப்ட் கதவு மூடுவது போல ஒரே விநாடியில் சரிந்தால், போன் அனுப்பும் அறிக்கையும் போய்ச் சேராது, கட்டளையும் வந்து சேராது. அலை கிடைக்காமல் போன் கொஞ்ச நேரம், பெரும்பாலும் ஒரு விநாடி அளவில், பொறுத்துப் பார்க்கும். பிறகு இணைப்பு அறுந்ததாக முடிவு செய்து, கண்ணில் படும் நல்ல செல் எதுவோ அதில் போய், "நான் இன்னார், முன்பு அங்கே இருந்தேன், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கும். அந்தச் செல்லுக்கு உங்கள் விவரம் தெரிந்திருந்தால் இணைப்பு மீண்டும் உயிர்பெறும். தெரியாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

இதற்கு நேரெதிரான சொதப்பலும் உண்டு. அவசரப்பட்டுத் தாவி, புதிய செல்லில் கால் ஊன்றும் முன்பே அதன் அலை மங்கிவிடுவது. தெருமுனையில் ஒரு கணம் மட்டும் நேர்க்கோட்டில் தெரியும் செல்கள் இந்த வேலையைச் செய்யும். நெட்வொர்க்குகள் இத்தகைய தோல்விகளை எண்ணிப் பார்த்து, எந்த எல்லையில் தாமதம், எந்த எல்லையில் அவசரம் என்று பிரித்து, அந்தக் கடிவாள எண்களைத் தாமாகவே திருத்திக்கொள்ளும் வசதியும் 4ஜி காலத்திலேயே வந்துவிட்டது.

ஒன்றை விடாமல் இன்னொன்றைப் பிடித்தால்?

விட்டுவிட்டுப் பிடிப்பதற்குப் பதில், பிடித்த பிறகு விட்டால் என்ன என்று தோன்றலாம். 3ஜியில் அதைத்தான் செய்தார்கள். பக்கத்துச் செல்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் இயங்கியதால், போன் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செல்களோடு பேசியது. எல்லையில் நிற்கும்போது எல்லாரிடமிருந்தும் வந்ததைச் சேர்த்துக் கேட்டுக்கொண்டது. குரல் அழைப்புக்கு இது அருமையாக இருந்தது. ஆனால் ஒரு போனுக்காக இரண்டு மூன்று செல்களின் இடம் செலவானது. வேகமான டேட்டாவுக்கு இன்னொரு தடங்கலும் இருந்தது: எந்தப் போனுக்கு எப்போது அனுப்புவது என்று பேஸ் ஸ்டேஷன் நொடிக்குப் பலநூறு தடவை முடிவெடுக்கிறது. 4ஜியில் ஒவ்வொரு மில்லி விநாடியும் முடிவெடுக்கிறது. இரண்டு பேஸ் ஸ்டேஷன்கள் கலந்து பேசி அந்த வேகத்தில் முடிவெடுப்பது நடக்கிற காரியம் இல்லை. 3ஜியிலேயே வேகமான டேட்டா வந்தபோது இறங்கும் டேட்டாவை ஒரே செல்லிலிருந்துதான் அனுப்பினார்கள். 4ஜியில் அந்த ஏற்பாட்டையே விட்டுவிட்டார்கள்.

பழைய ஆசை மட்டும் போகவில்லை. 5ஜிக்குச் சர்வதேச அமைப்பான ஐடியு விதித்த இலக்குகளில், செல் மாறும்போது இடைவெளி 0 மில்லி விநாடி என்பதும் ஒன்று. 2020-இல் முடிந்த 5ஜி விதித் தொகுப்பில் இதற்கென்று ஒரு முறை சேர்க்கப்பட்டது. புதிய செல்லில் கால் ஊன்றும் வரை போன் பழைய செல்லோடும் பேசிக்கொண்டே இருக்கும். இரண்டு ரேடியோ அடுக்குகளை ஒரே சமயம் ஓட்ட வேண்டியிருப்பதால் போனுக்கு வேலை அதிகம், கட்டாயமும் இல்லை.

அதே தொகுப்பில் வந்த இன்னொன்றுதான் எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. அலை நன்றாக இருக்கும்போதே, இரண்டு மூன்று பக்கத்துச் செல்களில் இடம் பிடித்து, அவற்றின் சீட்டுகளை முன்கூட்டியே போனிடம் கொடுத்துவிடுகிறார்கள். "இந்த நிபந்தனை வந்தால், யாரையும் கேட்காமல் கிளம்பு." லிஃப்ட் கதவு மூடினாலும் சீட்டு ஏற்கெனவே பையில் இருக்கிறது. ஒற்றனாக இருந்த போனுக்கு, ஓலையில் முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி.

5ஜி சின்னம் வந்து வந்து மறைவதும் இதோடு சேர்ந்ததுதான். பல நெட்வொர்க்குகளில் 5ஜி தனித்து நிற்பதில்லை. 4ஜி செல் ஒன்று கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளும், 5ஜி செல் கூடுதல் டேட்டாப் பாதையாகப் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும். அலை குறைந்தால் அந்தக் கூடுதல் பாதை மட்டும் கழற்றப்பட்டு, டேட்டா 4ஜி வழியே போகும். முகவரி மாறாததால் ஆப்புகளுக்கு வேகம் குறைந்ததைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

வைஃபையிலிருந்து வெளியே வரும்போது

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இருந்தும், வீட்டு வைஃபையை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் சில ஆப்புகள் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பது வேறு. வைஃபையில் உங்கள் ஐபி முகவரி வீட்டு இணைப்புடையது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் முகவரியே மாறிவிடும். நடுவில் நங்கூரம் போட்டு இரண்டையும் தாங்கிப் பிடிக்கும் கேட்வே பொதுவாக இல்லை. இணையத்தின் பழைய இணைப்பு முறையான டிசிபி, இரு முனைகளின் முகவரியையும், டேட்டா எந்த ஆப்புக்கானது என்று காட்டும் போர்ட் எண்ணையும் வைத்துத்தான் ஓர் இணைப்பை அடையாளம் காண்கிறது. முகவரி மாறினால் அதன் கணக்கில் நீங்கள் வேறு ஆள்.

ஒரே இணைப்பை இரண்டு பாதைகளிலும் ஓட விடும் டிசிபியின் திருத்திய வடிவம் ஒன்று உண்டு. ஆப்பிள் 2013-இல் சிரி என்ற தன் குரல் உதவியாளர் சேவைக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2021-இல் தரமாக வெளியான க்விக் என்ற முறை வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் முகவரியைச் சாராத ஓர் அடையாள எண்ணைக் கொடுத்துவிடுகிறது. போன் புது முகவரியிலிருந்து அதே எண்ணோடு பேசினால், சர்வர் ஒரு சின்னச் சோதனை வைத்து, உண்மையிலேயே அந்த முகவரியில் நீங்கள்தான் இருக்கிறீர்களா என்று உறுதி செய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த வசதியைச் செயல்படுத்தியிருக்கும் ஆப்பில் வீடியோ பார்த்துக்கொண்டே வாசலைத் தாண்டினால் படம் ஓடிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் பின்னணியில் பழைய முறையில் இறங்கிக்கொண்டிருந்த ஃபைல், 83 சதவீதத்தில் அப்படியே நின்றுபோய், "மீண்டும் முயலவும்" என்ற பொத்தானைக் காட்டிக்கொண்டிருக்கும்.